எரிக்கிற கம்பியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்!

செம்புக் கம்பி இருக்கிறது. அதைத் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. சில சமயம் ஒரே தெருவில்கூட இருக்கின்றன. ஆனால் ஒன்றை ஒன்று சந்திப்பது இல்லை!

குட்டி ரெயில் செய்து ஓடவிடுவது உலகம் முழுவதும் உள்ள பொழுதுபோக்கு. மேசை மீது தண்டவாளம் போடுவார்கள். நிலையம் கட்டுவார்கள். பாலம் கட்டுவார்கள். உண்மையான ரெயிலைப் பார்த்து, அதேபோல் சிறியதாகச் செய்வார்கள். நம் நாட்டிலும் இதற்கு ஆர்வலர்கள் உண்டு. புனே நகரில் ஜோஷி என்பவர் குட்டி ரெயிலுக்காகவே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். 1998-ம் ஆண்டு முதல் மக்கள் அதைப் பார்த்து வருகிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு கஷ்டம் உண்டு. தண்டவாளம் கிடைத்துவிடும். பெட்டி கிடைத்துவிடும். கைகாட்டிக்கு விளக்குப் போடும்போதுதான் தொல்லை. அந்தச் சின்னஞ்சிறு கம்பத்துக்குள் நுழையும் மெல்லிய கம்பி எங்கே கிடைக்கும்?

கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வெளிநாட்டில் இருந்து தபாலில் வரவழைப்பவர்களும் உண்டு.

அவ்வளவு தூரம் போகவேண்டியது இல்லை. வடசென்னையில், டோல்கேட் வட்டாரத்தில் சுற்றினால் போதும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அந்தக் கதைதான் இது.

எவ்வளவு மெல்லிய கம்பி?

குட்டி ரெயிலில் பல அளவுகள் உண்டு. அதிகம் பேர் வைத்திருப்பது 87-ல் ஒரு பங்கு அளவு. அதாவது உண்மையில் 87 அடி நீளம் உள்ள பொருள், மாதிரியில் 1 அடி நீளம் இருக்கும். இந்த அளவில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி பதினாறரை மில்லி மீட்டர்தான்.

6 மீட்டர் உயரமுள்ள கைகாட்டிக் கம்பம் இந்தக் கணக்கில் 7 சென்டி மீட்டராகக் குறைந்துவிடும். ஒரு சாண்கூட இல்லை! 15 சென்டி மீட்டர் பருமன் உள்ள கம்பம், 2 மில்லி மீட்டருக்கும் குறைவாகிவிடும். பேனா ரீபிளின் பருமன்கூட இராது.

அந்தக் கம்பத்துக்குள் 4 கம்பிகள் போகவேண்டும். சிவப்புக்கு ஒன்று. மஞ்சளுக்கு ஒன்று. பச்சைக்கு ஒன்று. மூன்றுக்கும் பொதுவாகத் திரும்பி வருவதற்கு ஒன்று.

வீட்டுச் சுவரில் ஓடும் ஒயரை எடுத்தால் என்ன ஆகும்? அந்த ஒயரில் ஒரே ஒரு துண்டு, கம்பத்தைவிடப் பெரிதாக இருக்கும். யானையைப் பானைக்குள் அடைக்கிற வேலைதான்.

ஆகவே, எனாமல் பூசிய செம்புக் கம்பி வேண்டும். இதற்கு மேலே பிளாஸ்டிக் உறை கிடையாது. வார்னிஷ் போல மெல்லிய பூச்சு மட்டும் இருக்கும். அந்தப் பூச்சே மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

கம்பியின் பருமனைக் கடைக்காரர்கள் கேஜ் கணக்கில் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண் ஏற ஏற, கம்பி இளைக்கும். 22 கேஜ் கம்பி ஏறத்தாழ 0.7 மில்லி மீட்டர். 36 கேஜ் கம்பி 0.19 மில்லி மீட்டர். 40 கேஜ் கம்பி 0.12 மில்லி மீட்டர். இது இரண்டு தலைமுடியைச் சேர்த்துவைத்த பருமன்தான்.

குட்டிக் கைகாட்டிக்கு 36 கேஜ் கம்பி கச்சிதமாகப் பொருந்தும். 4 கம்பிகளைச் சேர்த்து முறுக்கினாலும் ஒரு மில்லி மீட்டர் துளைக்குள் நுழைந்துவிடும்.

"இவ்வளவு மெல்லிய கம்பி மின்சாரத்தைத் தாங்குமா?" என்று கேட்கலாம். தாராளமாகத் தாங்கும். கைகாட்டிக்கு வைப்பது கடுகு அளவு எல்.இ.டி. விளக்கு. அதற்கு ஓர் ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அந்த மின்சாரம் ஓடினால் 36 கேஜ் கம்பி சூடாகக்கூட ஆகாது.

எங்கே இருக்கிறது?

டோல்கேட் என்றால் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரெயில் பாதை. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரெயிலும் ஓடுகிறது. டோல்கேட் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

தெற்கே போனால் ராயபுரம். 1856-ம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் அங்கே இருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. வடக்கே போனால் எண்ணூர் வரை தொழிற்சாலைகள்.

தொழிற்சாலை இருக்கும் இடத்தில் மோட்டார் இருக்கும். மோட்டார் இருக்கும் இடத்தில் அது கருகிப்போவதும் உண்டு. கருகினால் காயில் கட்டவேண்டும். ஆகவே இந்த வட்டாரத்தில் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை.

அந்தக் கடைகளில் எனாமல் கம்பி உருளை உருளையாக இருக்கும். மேலே தொங்கும் மின்விசிறிக்குப் பெரும்பாலும் 36 கேஜை ஒட்டிய கம்பிதான் சுற்றுகிறார்கள். ஆக, குட்டிக் கைகாட்டிக்கு வேண்டிய அதே கம்பி அங்கே இருக்கிறது! ஓர் உருளை தீரும்போது அடியில் சில மீட்டர் மிச்சம் நிற்கும். அது அடுத்த விசிறிக்குப் போதாது. ஆனால் பத்து கைகாட்டிகளுக்குப் போதும்.

இன்னும் மெல்லியது வேண்டுமா? செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போகலாம். அங்கே ஜம்பர் கம்பி என்று ஒன்று வைத்திருப்பார்கள். போனுக்குள் அறுந்துபோன பாதையை இணைக்கும் கம்பி அது. ஒரு சிறு உருளை வாங்கினால், ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் வரும்.

காசு கொடுக்கவேண்டாம் என்றால், வீட்டிலேயே தேடலாம். கெட்டுப்போன இயர்போனின் ஒயரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு, பச்சை என்று வண்ணம் பூசிய மெல்லிய இழைகள் இருக்கும். கம்ப்யூட்டர்களை இணைக்கும் பழைய லேன் ஒயருக்குள் 8 கம்பிகள் இருக்கும். அவை சற்றுப் பருமன். கம்பத்துக்குள் போகாது. மேசைக்கு அடியில் ஓட்டுவதற்கு நல்ல கம்பி. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் இருப்பது இன்னும் வசதி.

கடைசியாக, காயலான் கடை. பழைய விசிறி, பழைய மணி, பழைய ரிலே, பழைய டிரான்ஸ்பார்மர் எல்லாம் வந்து சேரும் இடம் அது. ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கம்பி சுற்றிக் கிடக்கிறது.

மூன்று கிராம் கணக்கு

அந்தக் கம்பிக்கு என்ன கதி ஏற்படுகிறது?

நெருப்புதான்! பழைய ஒயர்களைக் குவித்துத் தீ வைக்கிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மேலே உள்ள பிளாஸ்டிக் எரிந்துபோகும். செம்பு மிஞ்சும். அதை எடைபோட்டு விற்பார்கள்.

எரிகிற பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. அது எரியும்போது அமிலப் புகை வருகிறது. டையாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டாகிறது. அந்தப் புகை வேறு எங்கும் போகாது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்குக்குள்தான் போகும். தீ வைத்தவனின் மூக்குக்கும் அது தப்பாது.

பழைய மின்சாரச் சாமான்களை முறையாக அழிக்கச் சட்டம் இருக்கிறது. புதிய விதிகள் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. பதிவு பெற்ற நிறுவனங்களில்தான் பிரித்தெடுக்கவேண்டும். தெருவோரத்தில் எரிப்பது சட்டப்படியும் தவறு. தருமப்படியும் தவறு.

இப்போது ஒரு கணக்குப் பார்க்கலாம். 36 கேஜ் கம்பி 10 மீட்டர் என்ன எடை இருக்கும்? 3 கிராம்கூட இராது!

அந்த 3 கிராம் செம்பை எரித்து எடுத்து விற்றால், ஒரு டீக் காசுகூடக் கிடைப்பது சந்தேகம். அதே 10 மீட்டர் கம்பி ஒரு பையனிடமோ பெண்ணிடமோ போனால், ஒரு ரெயில் நிலையத்துக்கே கைகாட்டி எரியும்! எரிந்த கம்பி எடைக்குப் போகிறது. எரியாத கம்பி படிப்புக்குப் போகிறது. எது லாபம்?

பூச்சுக் கருகிய கம்பி இந்த வேலைக்கு உதவாது என்பதையும் சொல்லவேண்டும். நெருப்பில் போட்டால் எனாமல் போய்விடும். எனாமல் போனால் கம்பிகள் ஒன்றோடு ஒன்று உரசி மின்சாரம் குறுக்கே பாயும். ஆகவே எரிப்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

கம்பி அறுந்தால் சிவப்பு

"கைகாட்டி விளக்கு எரிந்தால் என்ன வந்துவிடும்? வெறும் விளையாட்டுத்தானே?" என்று சிலர் நினைக்கலாம்.

விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டுக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

பழைய காலத்துக் கைகாட்டியைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். உயரமான மரத்தின் மேல் ஒரு கை நீட்டிக்கொண்டு இருக்கும். கை நேராக நீண்டு இருந்தால் "நில்" என்று அர்த்தம். கை சாய்ந்தால் "போ" என்று அர்த்தம்.

கேபினில் இருக்கும் ஆள் நெம்புகோலை இழுப்பார். தண்டவாளத்தின் ஓரமாக ஓடும் இரும்புக் கம்பி அந்தக் கையைச் சாய்க்கும்.

அந்தக் கம்பி நடுவழியில் அறுந்துபோனால்? இதைத்தான் அந்தக் காலத்து நிபுணர்கள் யோசித்தார்கள். கையோடு ஓர் எடைக்கல்லைச் சேர்த்துவைத்தார்கள். கம்பி அறுந்த உடனே, எடை கீழே இறங்கும். கை தானாகவே "நில்" என்ற நிலைக்குப் போய்விடும். ரெயில் நின்றுவிடும். தாமதம் ஆகும். ஆனால் உயிர் போகாது.

கம்பி அறுந்தால் சிவப்பு! இதுதான் ரெயில்வே கைகாட்டியின் முதல் சட்டம்.

மின்சாரம் வந்த பிறகும் இந்தச் சட்டம் மாறவில்லை. 1872-ம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் ஒரு முறைக்கு உரிமை பெற்றார். தண்டவாளத்திலேயே சிறிது மின்சாரத்தை ஓடவிட்டார். பாதை காலியாக இருந்தால், மறுமுனையில் உள்ள ரிலேயை அது பிடித்துக்கொள்ளும். ரெயில் வந்தால், சக்கரங்கள் வழியாக மின்சாரம் குறுக்கே போய்விடும். ரிலே பிடியை விடும். சிவப்பு எரியும். தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பு. பாட்டரி தீர்ந்தாலும் சிவப்பு.

சந்தேகம் வந்தால் நில். இந்த நல்ல புத்தியைக் கம்பியிலும் ரிலேயிலும் கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஒரு பழைய ரிலே, ஒரு பாட்டரி, நாலு முழம் கம்பி இருந்தால், 12 வயதுப் பிள்ளை இதைத் தன் கையால் செய்து பார்க்கலாம். மின்சாரம் இருந்தால் பச்சை. கம்பியைக் கழற்றினால் சிவப்பு. ஒருமுறை செய்து பார்த்தவன் அதை வாழ்நாளில் மறக்கமாட்டான்.

ஒரு கம்பியால் வந்த வினை

கம்பி அறுந்தால் ஆபத்து இல்லை. அப்படியானால் எதில் ஆபத்து?

கம்பி தவறான இடத்தில் சேர்ந்தால்தான் ஆபத்து!

2023-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மேற்கு வங்காளத்தில் இருந்து சென்னைக்கு வந்துகொண்டு இருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில் பாலசோர் அருகே பகாநாகா பஜார் நிலையத்தில் விபத்துக்கு ஆளானது. 290-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள்.

கைகாட்டி அன்று பச்சை காட்டியது. நேர்ப்பாதையில் போகலாம் என்றது. ஆனால் தண்டவாளமோ பக்கத்துப் பாதைக்குத் திரும்பி இருந்தது. அந்தப் பாதையில் சரக்கு ரெயில் நின்றுகொண்டு இருந்தது.

காரணம் என்ன? ரெயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். அவர் கண்டறிந்ததை மத்திய அரசு 2023 ஜூலையில் பாராளுமன்றத்தில் சொன்னது. கைகாட்டியின் மின்சார இணைப்பை முன்பு ஒருமுறை மாற்றியபோது தவறு நேர்ந்தது. பிறகு லெவல் கிராசிங் கேட்டுக்காக வேலை செய்தபோதும் தவறு நேர்ந்தது. அதனால்தான் பச்சை எரிந்தது.

அதாவது, ரெயில் ஓட்டியவர்கள் மேல் பிழை இல்லை. எஞ்சின் மேல் பிழை இல்லை. இணைப்பில் பிழை!

சென்னைக்கு வரும் அந்த ரெயில் எண்ணூர், திருவொற்றியூர் வழியாகத்தான் வரவேண்டும். டோல்கேட்டுக்குப் பக்கத்துப் பாதைதான் அது. ஆகவே இந்த வட்டார மக்களுக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல.

குட்டிக் கைகாட்டிக்குக் கம்பி போடும் பிள்ளை முதல் நாளே இந்தப் பாடத்தைச் சந்திக்கிறது. எனாமல் கம்பிகள் எல்லாம் ஒரே நிறம். நாலும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். எது சிவப்புக்கு, எது பச்சைக்கு என்று பார்வையால் சொல்ல முடியாது.

அவசரப்பட்டு இணைத்தால் பச்சைக்குப் பதில் சிவப்பு எரியும். பிள்ளை சிரிக்கும். கழற்றும். திரும்பச் செய்யும். மூன்றாவது தடவை தானாகவே புத்தி வரும். கம்பி நுனியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைக்கும். சிவப்புக்குச் சிவப்புப் பொட்டு. மற்றதற்குச் சின்னக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டும். ஒரு நோட்டில் படம் போட்டுக்கொள்ளும். இணைத்த பிறகு ஒவ்வொன்றாகச் சோதிக்கும்.

பெயர் எழுது. படம் போடு. சோதித்துப் பார். மாற்றினால் எழுதிவை. பெரிய ரெயில்வேக்கும் இதே விதிதான். மேசை மேல் தப்புச் செய்து இதைக் கற்றுக்கொண்டால், யாருக்கும் காயம் இல்லை. தண்டவாளத்தில் தப்புச் செய்து கற்றுக்கொள்ள முடியாது.

இதனால்தான் ரெயில்வேயின் பயிற்சிக் கூடங்களிலேயே மாதிரி ரெயில்களும் மாதிரிக் கைகாட்டிகளும் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரியவர்கள் மாதிரியைப் பார்த்துப் படிக்கலாம் என்றால், பிள்ளைகள் படிக்கக்கூடாதா?

பலூனில் பிறந்த தொழிற்சாலை

"விளையாட்டுப் புத்தி சோறு போடுமா?" என்று கேட்கும் தகப்பனார்கள் உண்டு. அவர்களுக்குத் திருவொற்றியூரிலேயே பதில் இருக்கிறது.

1946-ம் ஆண்டு கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டார். அங்கே என்ன செய்தார்? குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்! அந்தப் பலூன் கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எப். என்ற டயர்க் கம்பெனி ஆனது. இன்று அதன் டயர் ஓடாத சாலை இல்லை.

அதே 1946-ம் ஆண்டு, கடல் கடந்து அமெரிக்காவில் இன்னொரு விளையாட்டு தொடங்கியது. எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்கள் குட்டி ரெயில் சங்கம் ஒன்று அமைத்தார்கள்.

அந்தச் சங்கத்தில் சிலருக்கு ரெயில் பெட்டிக்கு வண்ணம் அடிப்பதில் ஆசை. சிலருக்கோ மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கைகாட்டிக்குக் கம்பி இணைப்பதில் ஆசை. டெலிபோன் இலாகாவில் பயன்பட்ட பழைய ரிலேக்களையும் சுவிட்சுகளையும் வாங்கிவந்து இணைத்தார்கள்.

இந்தக் கம்பிக்காரர்கள்தான் பிறகு கல்லூரிக்கு வந்த கம்ப்யூட்டர்களின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். 1962-ம் ஆண்டு வந்த ஸ்பேஸ்வார் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவர்களில் இந்தச் சங்கத்தாரும் இருந்தார்கள். இப்போது எல்லோரும் சொல்கிற ஹேக்கர் என்ற பேச்சும் அந்தச் சங்கத்தில் புழங்கி உலகுக்கு வந்ததுதான்.

அவர்கள் எந்தக் கடையிலும் விலையுயர்ந்த சாமான் வாங்கித் தொடங்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய சாமானில் தொடங்கினார்கள். வடசென்னையில் இல்லாத பழைய சாமானா?

பணக்கார விளையாட்டா?

இன்னொரு பேச்சும் உண்டு. "குட்டி ரெயில் எஞ்சின் ஆயிரக்கணக்கில் விலை. அது பங்களாக்காரர் வீட்டு விளையாட்டு" என்பார்கள்.

எஞ்சின் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் கைகாட்டிக்கு எஞ்சின் தேவை இல்லையே! ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பழைய குடைக் கம்பி அல்லது சர்பத் குழாய், மூன்று எல்.இ.டி. விளக்குகள், ஒரு 9 வோல்ட் பாட்டரி, 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கொஞ்சம் மெல்லிய கம்பி. இவ்வளவுதான். ரெயிலுக்குப் பதிலாகத் தீப்பெட்டியை நூல் கட்டி இழுக்கலாம்.

ரெசிஸ்டரை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். பாட்டரியை ஒட்டியே வைக்கவேண்டும். அப்படி வைத்தால், மெல்லிய கம்பிகள் ஒன்றோடு ஒன்று பட்டுவிட்டாலும் ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரம் ஓடாது. கம்பி கருகாது. விரல் சுடாது.

நாலு நிலைகளையும் பிள்ளைகளே எரியவைத்துக் காட்டலாம். சிவப்பு என்றால் நில். ஒரு மஞ்சள் என்றால் மெதுவாகப் போ, அடுத்த கைகாட்டியில் நிற்கத் தயாராக இரு. இரண்டு மஞ்சள் என்றால் அடுத்த கைகாட்டியை வேகம் குறைத்துக் கடக்கத் தயாராக இரு. பச்சை என்றால் போ. இரண்டு மஞ்சள் வேண்டுமானால் விளக்கும் கம்பியும் கூட ஒன்று சேர்க்கவேண்டும்.

இதெல்லாம் பையன்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். மயிரிழைக் கம்பியைக் கையாளப் பொறுமை வேண்டும். பூத் தொடுக்கும் விரலுக்கு அது இயல்பாக வரும். பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைக்கவேண்டும்.

எச்சரிக்கை! எச்சரிக்கை!

நல்ல காரியத்திலும் கவனம் தேவை. பெற்றோர் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்.

ரெயில் பாதைப் பக்கம் போய்க் கம்பி பொறுக்கவே கூடாது. மேலே செல்லும் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. கீழே கிடக்கும் கம்பி கைகாட்டிக்கு உரியதாக இருக்கலாம். அதை வெட்டினால் நூற்றுக்கணக்கான பயணிகளின் வண்டி நின்றுபோகும். திருடிய ரெயில்வே பொருளை வைத்திருப்பதே குற்றம். 1966-ம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு. காயலான் கடைக்காரருக்கும் இது பொருந்தும்.

வீட்டு மின்சாரத்தில் மெல்லிய கம்பியைச் சொருகக்கூடாது. பாட்டரி மட்டும் போதும்.

பழைய டி.வி., மைக்ரோவேவ் அடுப்பு இவற்றைப் பிள்ளைகள் திறக்கக்கூடாது. அணைத்துவைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பிரிக்கிற வேலை தெரிந்த பெரியவருடையது. கம்பியைச் சுற்றி எடுப்பது மட்டும் பிள்ளையுடையது.

எனாமலைச் சுரண்டிய பிறகுதான் இணைக்கவேண்டும். சுரண்டாமல் முறுக்கினால் விளக்கு எரியாது. உப்புத்தாளால் நுனியை மட்டும் தேய்த்தால் போதும். ஈயம் வைத்து ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

செய்யவேண்டியது என்ன?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கோடி ரூபாயும் வேண்டாம்.

காயில் கட்டும் கடைக்காரர்கள், மிச்சக் கம்பியைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கட்டும். கேட்டு வரும் பிள்ளைகளை விரட்டாமல், ஒரு கை கொடுக்கட்டும். எந்த கேஜ் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கட்டும். அது பாதி வாத்தியார் வேலை.

காயலான் கடைக்காரர்கள், எரிக்கிற ஆளிடம் கம்பியைக் கொடுக்காமல், பதிவு பெற்றவர்களிடம் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் நல்ல காயில் ஒன்றிரண்டை எடுத்துவைக்கட்டும். 3 கிராம் போனால் கடை மூழ்கிவிடாது!

வட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அறிவியல் கண்காட்சியில் குட்டிக் கைகாட்டிக்கு ஒரு மேசை ஒதுக்கட்டும். வீட்டில் செய்த எரிமலையை எத்தனை ஆண்டுதான் பார்ப்பது? தன் ஊரில் ஓடும் ரெயில் எப்படி நிற்கிறது என்று பிள்ளைகள் காட்டட்டும்.

விடுமுறை நாளில் பெற்றோர், பிள்ளைகளைப் பெரம்பூர் பக்கம் ஐ.சி.எப். ரெயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். 2002-ம் ஆண்டு திறந்த அருங்காட்சியகம் அது. பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் மாதிரிகளையும் கிட்டத்தில் பார்க்கலாம். திரும்பும் வழியில் ராயபுரம் நிலையத்தையும் பார்த்துவிடலாம். 1856-ம் ஆண்டில் திறந்த கட்டிடம் இன்னும் நிற்கிறது.

வடசென்னை என்றால் புகை, லாரி, குப்பை என்று வெளியூர்க்காரர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்ன? மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. கம்பியைத் தொட்டுப் பார்த்தே கேஜ் சொல்லும் பெரியவர்கள் கடைக்குக் கடை இருக்கிறார்கள். இந்தச் செல்வம் வேறு எந்தப் பேட்டையிலும் இவ்வளவு கிடையாது.

அந்தப் பெரியவரின் அறிவும் இந்தப் பிள்ளையின் ஆசையும் சேரவேண்டும். சேர்ப்பதற்கு என்ன வேண்டும்? ஒரு மெல்லிய கம்பி போதும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். மயிரிழைக் கம்பியோ, உயிர் காக்கும் பாடத்தைச் சொல்லித் தருகிறது.

அதை எரிக்கலாமா?